வலைக் கண்ணும் பகா எண்ணும்

  இது நீளமான பதிவு. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள்.

2147483647.

பத்து இலக்கம். பார்த்தால் ஃபோன் நம்பர் மாதிரி இருக்கிறது. யாரும் டயல் செய்து பார்க்க வேண்டாம். 2-இல் தொடங்குவதால் நம் நாட்டில் அது செல்ஃபோன் எண்ணாக இருக்க முடியாது. இது ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மிச்சமில்லாமல் வகுபடாது.

இது இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவனின் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பி.எஸ்சி. கணிதம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். வீட்டில் சித்தப்பா, மாமா, அத்தை எல்லோரும் ஒரே குரலில், "கணக்குப் படிச்சு என்ன செய்யப் போறே? நர்ஸிங் போனா உடனே வேலை" என்கிறார்கள். அந்தப் பெண் நோட்டு நிறைய பெரிய பெரிய பகா எண்களை எழுதி வைத்திருக்கிறாளாம். அவள் அப்பா என்னிடம் கேட்டான்: "டீச்சர், அந்த நம்பரால நமக்கு என்ன பிரயோஜனம்?" கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அந்த உறவினர்களில் பாதிப் பேர் நான் எழுதுவதைப் படிப்பவர்கள். சிலர் என்னிடமே வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள். அதனால் பதிலைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் பகா எண் என்றால் என்ன என்பதைத் தூசு தட்டிக்கொள்வோம். பகு என்றால் பிரி, பங்கிடு. பகா என்றால் பிரியாத. கரையில் கூறு போடுகிறோமே, அதேதான். 12 நண்டு இருந்தால் இரண்டு கூறாகப் போடலாம், மூன்று கூறாகப் போடலாம், நான்கு, ஆறு என்றும் போடலாம். சண்டை வராது. 13 நண்டு இருந்தால்? ஒரே கூறாக வைக்கலாம், இல்லாவிட்டால் ஆளுக்கு ஒன்றாகப் பதின்மூன்று பேர் எடுக்கலாம். வேறு வழியே இல்லை. பள்ளி மணலில் கிளிஞ்சல்களை வரிசையாக அடுக்கச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? 12 கிளிஞ்சல் அழகாக மூன்று வரிசை நான்கு நான்காக நிற்கும். 13-ஐ எப்படி அடுக்கினாலும் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். அப்படித் துருத்திக்கொண்டு நிற்கிற எண்கள்தான் 2, 3, 5, 7, 11, 13, 17, 19 என்று போகின்றன.

மற்ற எல்லா எண்களும் இவற்றைப் பெருக்கி வந்தவைதான். 60 என்பது 2 × 2 × 3 × 5. வேறு எந்தப் பகா எண்களைப் பெருக்கியும் 60 வராது. செங்கல் மாதிரி என்று சொல்லலாம். எந்த வீட்டுக்கு எந்தச் செங்கல் என்பது மாறவே மாறாது.

இப்போது நம் பத்து இலக்க எண்ணுக்கு வருவோம். 2-ஐ எடுத்து இரட்டித்துக்கொண்டே போங்கள். 2, 4, 8, 16, 32... முப்பத்தொன்றாவது இடத்தில் 2147483648 வரும். அதில் ஒன்றைக் கழித்தால் நம்முடைய எண். இப்படி இரட்டித்து ஒன்று கழித்தால் எப்போதும் பகா எண் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பதினொன்றாவது இடத்தில் 2048. ஒன்று கழித்தால் 2047. அது 23 × 89. ஆகவே ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

2147483647-ஐச் சோதித்தவர் ஆய்லர் என்ற கணித மேதை. ஆண்டு 1772. ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 65, அதாவது இப்போதைய என் வயது. கண் பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது. கால்குலேட்டர் கிடையாது.

எப்படிச் செய்தார்? ஒரு எண்ணுக்கு இரண்டு காரணிகள் இருந்தால் அவற்றில் ஒன்றாவது அந்த எண்ணின் வர்க்க மூலத்துக்கு உள்ளே இருந்தாக வேண்டும். இந்த எண்ணின் வர்க்க மூலம் 46,341-க்குச் சற்றுக் குறைவு. அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே ஏறத்தாழ 4,800 உண்டு. ஆய்லர் அங்கே ஒரு குறுக்கு வழி கண்டார். இந்த எண்ணுக்குக் காரணி ஒன்று இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வர முடியும் என்று நிறுவினார். அந்த நிபந்தனைக்கு உட்பட்ட எண்கள் 46,341-க்குள் நானூறுக்கும் குறைவு. அவற்றை மட்டும் வகுத்துப் பார்த்தார். எதுவும் சரியாக வகுக்கவில்லை. பகா எண்தான் என்று உறுதியாயிற்று. முதலில் யோசித்து வேலையைக் குறைப்பது, பிறகு கணக்குப் போடுவது. வகுப்பில் நான் தொண்டை கிழியச் சொன்னதும் இதைத்தான்.

அதன் பிறகு 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் ஒரு புத்தகம் எழுதினார். இந்த எண்ணையும் இதிலிருந்து பிறக்கும் இன்னொரு பெரிய எண்ணையும் பற்றிச் சொல்லிவிட்டு, இதைவிடப் பெரிதாக இனி யாரும் தேடப் போவதில்லை என்று முடித்துவிட்டார். என்ன காரணம்? இவையெல்லாம் வேடிக்கைக்குச் சரி, பயன் ஒன்றும் இல்லை என்பதுதான். பாருங்கள், நம் சித்தப்பா, மாமா கேட்ட கேள்வியை இருநூறு ஆண்டுக்கு முன்பே ஒரு பேராசிரியர் கேட்டிருக்கிறார்!

அவர் சொன்னது நடக்கவில்லை. 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் 39 இலக்கமுள்ள பகா எண்ணைக் கையாலேயே கணக்கிட்டு நிறுவினார். 2024 அக்டோபரில் கண்டுபிடித்த எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். நான்கு கோடிக்கு மேல். பக்கத்துக்கு 4,000 இலக்கம் வீதம் அச்சிட்டால் 10,257 பக்கம் வரும். அதுவும் இரட்டித்து ஒன்று கழித்து வந்த எண்தான். 2-ஐ வைத்து இரட்டிக்கத் தொடங்கினால் 13,62,79,841-ஆம் இடத்தில் வரும் எண்ணில் ஒன்று குறைவு.

2147483647-க்கும் ஒரு வேலை வந்தது. பல பழைய கம்ப்யூட்டர்கள் ஒரு எண்ணை 32 சுவிட்சுகளில் எழுதி வைத்தன. ஒரு சுவிட்ச் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மீதி 31-இல் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் எது? இதேதான். 2014-இல் ஒரு கொரியப் பாட்டை யூடியூபில் பார்த்தவர்களின் எண்ணிக்கை இந்த எண்ணைத் தாண்டிய செய்தி உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இன்னொன்று பாக்கி இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர்கள் நேரத்தை 1970 ஜனவரி 1-இலிருந்து விநாடி விநாடியாக எண்ணுகின்றன. 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தொடும். அதற்குள் மாற்றாத பழைய இயந்திரங்கள் தடுமாறும். அதைச் சரிசெய்யும் வேலை இப்போதே நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் பெரிய பகா எண்களின் முக்கியமான வேலை பூட்டு. 89-ஐயும் 97-ஐயும் பெருக்குங்கள். ஒரு நிமிடத்தில் 8633 என்று சொல்லிவிடுவீர்கள். அதையே திருப்பி, "8633 எந்த இரண்டு எண்களின் பெருக்கல்?" என்று கேட்டால் மதியச் சாப்பாடு வரை உட்கார வேண்டும். வலையைச் சிக்க வைப்பது எளிது, சிக்கு எடுப்பது பாடு. இதை வைத்துத்தான் 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மேன் என்ற மூவர் ஒரு பூட்டுச் செய்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்களைப் பெருக்கி, விடையை ஊருக்கே காட்டலாம். பிரிக்கத் தெரிந்தவன்தான் திறக்க முடியும். நீங்கள் வங்கிப் பக்கத்தை ஃபோனில் திறக்கும்போது காவல் காக்கும் பூட்டுகளில் இது ஒரு முக்கியமான வகை. (பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஓடிபி கேட்டு வருகிறவனிடம் நீங்களே சாவியைக் கொடுத்தால் ஆய்லராலும் காப்பாற்ற முடியாது. பெரியவர்கள் கவனிக்கவும்.)

அவ்வளவு பெரிய பகா எண்கள் தேடினால் கிடைக்குமா? கிடைக்கும். ஒன்றைவிடப் பெரிய எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அதற்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவில் ஒரு பகா எண்ணாவது நிச்சயம் இருக்கும். இதை முதலில் நிறுவியவர் செபிஷேவ் என்ற ரஷ்யர். அதற்கு மிகச் சுருக்கமான ஒரு நிரூபணத்தை 1919-இல் இந்தியக் கணிதச் சங்க இதழில் இரண்டே பக்கத்தில் எழுதியவர் நம் ராமானுஜன். நமக்குத் தெற்கே இருக்கும் சென்னைத் துறைமுகத்தில் 1912-இல் குமாஸ்தா வேலை பார்த்தாரே, அவரேதான். 300 இலக்க எண்கள் இருக்கும் பகுதியில் சராசரியாக ஏறத்தாழ 690 எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். ஏரியில் மீன் உண்டு, வலை போட வேண்டியதுதான்.

சிக்கல் என்னவென்றால், வலையில் விழுந்தது மீனா பாசியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 300 இலக்க எண்ணை ஆய்லர் மாதிரி வகுத்துப் பார்ப்பது நடக்காது. உலகத்தில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களையும் உட்கார வைத்தாலும் சூரியன் அணைவதற்குள் முடியாது.

விரைவுச் சோதனைகள் உண்டு. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஃபெர்மா என்பவர் 1640-இல் சொன்னது. ஒற்றைப்படைப் பகா எண் ஒன்றை எடுத்து, அதைவிட ஒன்று குறைவான தடவை 2-ஐப் பெருக்கிப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். 7-ஐ எடுங்கள்: ஆறு 2-களைப் பெருக்கினால் 64. ஏழால் வகுத்தால் மீதி 1. சரி. ஆனால் 341 என்று ஒரு கள்ளன் இருக்கிறான். 341 என்பது 11 × 31, பகா எண்ணே இல்லை. பத்து 2-களைப் பெருக்கினால் 1024. அதை 341-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படியானால் 340 இரண்டுகளைப் பெருக்கினாலும் மீதி 1 தான். கள்ளன் சோதனையில் தேறிவிட்டான்! பிற்பாடு இதைவிடக் கண்டிப்பான சோதனைகள் வந்தன. அவை கள்ளனைப் பெரும்பாலும் பிடித்துவிடும். எண்பது தடவை சோதித்தால் தப்புவதற்கு வாய்ப்பே இல்லை என்கிற அளவுக்குப் பிடித்துவிடும். ஆனாலும் "ஏறக்குறைய நிச்சயம்" என்பது வேறு, "நிச்சயம்" என்பது வேறு. எந்த எண்ணைக் கொடுத்தாலும் விரைவாகவும் நூற்றுக்கு நூறு நிச்சயமாகவும், நிரூபிக்கப்படாத எந்த அனுமானத்தையும் நம்பாமல் சொல்ல வழி உண்டா? உலகத்தின் பெரிய மூளைகள் எல்லாம் இதில் மோதிப் பார்த்தன.

2002 ஆகஸ்ட் மாதம் விடை வந்தது. கான்பூர் ஐஐடியிலிருந்து. பேராசிரியர் மணீந்திர அகர்வால், அவரோடு நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரண்டு மாணவர்கள். இருவரும் அந்த ஆண்டுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். அவர்களின் பி.டெக். புராஜெக்டிலிருந்து வளர்ந்த வேலை அது. ஒன்பது பக்கக் கட்டுரை. சில நாட்களிலேயே உலகம் முழுதும் பேச்சு. 2004-இல் கணிதத்தின் மிக மதிப்புமிக்க இதழ்களில் ஒன்றான 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' அதை வெளியிட்டது. 2006-இல் மூவருக்கும் கோடல் பரிசு.

அவர்கள் கையில் எடுத்த கருவி என்ன தெரியுமா? நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற வலை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என்னிடம் படித்துப் பிறகு கல்லூரியில் கணிதம் படித்த ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு விளக்கினான். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த எனக்கு விளங்கியது என்றால் உங்களுக்கும் விளங்கும்.

வலையை ஒரே ஒரு முடிச்சில் ஆணியில் மாட்டித் தொங்க விடுங்கள். கண்கள் எல்லாம் சாய்சதுரமாக விரியும். ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் இரண்டு நூல் கீழே இறங்கும், ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். மேல் முடிச்சில் ஓர் எறும்பை விட்டால், கீழே மட்டுமே இறங்கும் எறும்பு ஒரு முடிச்சுக்கு எத்தனை வழியில் வரலாம்? ஓரத்து முடிச்சுக்கு ஒரே வழி. நடு முடிச்சுக்கு, மேலே உள்ள இரண்டு முடிச்சின் வழிகளையும் கூட்ட வேண்டும். எழுதிப் பாருங்கள்:

நான்காம் வரிசை: 1, 4, 6, 4, 1
ஐந்தாம் வரிசை: 1, 5, 10, 10, 5, 1
ஆறாம் வரிசை: 1, 6, 15, 20, 15, 6, 1
ஏழாம் வரிசை: 1, 7, 21, 35, 35, 21, 7, 1

உங்கள் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இதற்குப் பாஸ்கல் முக்கோணம் என்று பெயர். பாஸ்கலுக்குப் பல நூற்றாண்டு முன்பே, பத்தாம் நூற்றாண்டில் ஹலாயுதர் என்பவர் பிங்கலரின் செய்யுள் இலக்கணத்துக்கு உரை எழுதும்போது இதை மேரு பிரஸ்தாரம் என்று விளக்கியிருக்கிறார்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். ஐந்தாம் வரிசையில் ஓரத்து 1-களை விட்டுவிட்டால் 5, 10, 10, 5. எல்லாம் ஐந்தால் வகுபடும். ஏழாம் வரிசையில் 7, 21, 35. எல்லாம் ஏழால் வகுபடும். ஆறாம் வரிசையில்? 15-ம் 20-ம் ஆறால் வகுபடாது. நான்காம் வரிசையில் 6 நான்கால் வகுபடாது. ஒன்பதாம் வரிசையில் 84 வரும், ஒன்பதால் வகுபடாது. பகா எண் வரிசை என்றால் நடுவில் உள்ள எல்லாம் வகுபடும். பகு எண் வரிசை என்றால் ஒன்றாவது மாட்டிக்கொள்ளும். எந்தக் கள்ளனும் தப்ப முடியாது. நூற்றுக்கு நூறு நிச்சயம்.

அப்புறம் என்ன, இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாமே? வைக்கலாம். ஆனால் 300 இலக்க எண்ணின் வரிசையில் அந்த எண்ணின் அளவுக்கே முடிச்சுகள் இருக்கும். யார் பார்ப்பது? இங்கேதான் கான்பூர்க்காரர்களின் கெட்டிக்காரத்தனம். வலையை முழுதும் விரித்துப் பார்க்காதே, சுருட்டிப் பார் என்றார்கள்.

ஆறாம் வரிசையின் எண்களை ஆறால் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள்: 1, 0, 3, 2, 3, 0, 1. இப்போது ஐந்து ஆணி வட்டமாக அடித்து, இந்த ஏழு முடிச்சையும் வரிசையாக மாட்டுங்கள். ஆறாவது முடிச்சு திரும்ப முதல் ஆணிக்கும், ஏழாவது இரண்டாம் ஆணிக்கும் வரும். ஒரே ஆணியில் வந்தவற்றைக் கூட்டினால் 1, 1, 3, 2, 3. ஓரத்து 1-கள் இரண்டு மட்டும் நிற்க வேண்டிய இடத்தில் 3, 2, 3 என்று மிச்சம் நிற்கிறது. ஆறு அகப்பட்டது. ஏழாம் வரிசையை அப்படியே மாட்டினால் 1, 0, 1, 0, 0. சுத்தம்.

பெரிய எண்ணுக்கு ஐந்து ஆணி போதாது. ஆனால் எண்ணின் அளவுக்கு வேண்டியதில்லை. அதன் இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டுப்பாடாகக் கூடும் அளவு போதும். வரிசைக்குப் போய்ச் சேருவதும் ஒவ்வொரு படியாக இல்லை, 1, 2, 4, 8 என்று இரட்டித்து இரட்டித்துப் போகலாம். 300 இலக்க எண்ணை எட்ட ஏறத்தாழ ஆயிரம் இரட்டிப்பு போதும். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் சுருட்டிக்கொண்டே போனால் வலை பெருக்காது. 4, 8, 9, 27 மாதிரி ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கி வந்தவற்றை முதலிலேயே தனியே கழித்துவிட வேண்டும். பிறகு இந்தச் சுருட்டும் சோதனையை வெவ்வேறு தொடக்க எண்களை வைத்துக் குறித்த தடவை செய்ய வேண்டும். சுருட்டும்போது கள்ளன் ஒளிந்துகொள்ள முடியுமோ என்ற சந்தேகம் வரும் அல்லவா? முடியாது என்று நிறுவியதுதான் அவர்களின் உண்மையான சாதனை.

இனி நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் பூட்டுச் செய்யும் கம்ப்யூட்டர்கள் கான்பூர் வழியைப் பயன்படுத்துவதில்லை. பழைய "ஏறக்குறைய நிச்சயம்" சோதனைகள் இன்னும் வேகமானவை, அந்த வேலைக்கு அவை போதும். அப்படியானால் "பிரயோஜனம் என்ன?" என்ற கேள்வி திரும்ப வருகிறதே!

அதற்கு என் பதில் இது. 1990 வாக்கில் இறால் நல்ல விலை போன காலம். நம் ஊர்ப் பெண் ஒருத்தி இறால் கூடையை வியாபாரியிடம் நிறுத்தாள். 14 கிலோ 750 கிராம். கிலோ 120 ரூபாய். வியாபாரி சிகரெட் அட்டையின் பின்னால் ஏதோ கிறுக்கி 1,680 ரூபாயைக் கையில் வைத்தார். பக்கத்தில் நின்ற ஐந்தாம் வகுப்புப் பையன், "அண்ணே, அந்த முக்கால் கிலோவுக்கு 90 ரூபாய் எங்கே?" என்றான். வியாபாரி சிரித்தார், முறைத்தார், கடைசியில் கொடுத்தார். நான் தண்ணீர்க் குடத்தோடு பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவரை அந்தக் கரையில் யாரும் கணக்குக் கேட்டதில்லை. "ஏதோ குறையுது" என்று எல்லோருக்கும் தோன்றும். தோன்றுவதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? 90 ரூபாய் என்று நிச்சயமாகச் சொல்லத் தெரிந்தவனிடம்தான் 90 ரூபாய் வந்தது.

கணிதம் தருவது அந்த நிச்சயம். பெரிய மனிதர் சொன்னார் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். நீயே போட்டுப் பார், சரியென்றால் சரி. கான்பூரில் இரண்டு இளைஞர்கள் எழுதியதை உலகத்தின் மூத்த கணிதப் பேராசிரியர்கள் ஒத்துக்கொண்டது அவர்கள் முகத்தைப் பார்த்து அல்ல, வரி வரியாகச் சரிபார்த்து. வேறு எந்தத் துறையில் ஒரு குப்பத்துப் பிள்ளையின் வார்த்தையும் பேராசிரியரின் வார்த்தையும் ஒரே தராசில் நிற்கும், சொல்லுங்கள்?

அந்தப் பையன் எட்டாம் வகுப்போடு ஏரிக்குப் போனான். வீட்டு நிலைமை. அவன் மகள்தான் இப்போது கணிதம் கேட்கிறாள்.

உறவுகளே, உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. நர்ஸிங் நல்ல படிப்பு; விரும்புகிறவள் படிக்கட்டும். இவள் விரும்புவது வேறு. பொன்னேரியில் அரசுக் கல்லூரி இருக்கிறது, பழவேற்காட்டிலிருந்து பஸ் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். பி.எஸ்சி.க்குப் பிறகு பி.எட்., வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி, கம்ப்யூட்டர் படிப்பு என்று எல்லாக் கதவும் திறந்திருக்கும். இன்னும் மேலே போக மனம் இருந்தால், சென்னை தரமணியில் 1962-இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும்போதெல்லாம் கரையில் நின்று கை தட்டுகிறோமே, அதுவும் முதலில் யாரோ ஒருவர் நோட்டில் போட்ட கணக்குதான். முதலாண்டுப் புத்தகச் செலவு என்னுடையது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

என் மாணவர்களுக்கு வீட்டுப் பாடம். பதினொன்றாம் வரிசையையும் பன்னிரண்டாம் வரிசையையும் இன்று இரவு உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதுங்கள். எந்த வரிசை சுத்தம், எந்த வரிசையில் எந்த முடிச்சு மாட்டிக்கொள்கிறது என்று கீழே பதில் போடுங்கள். ஃபோனில் கால்குலேட்டரைத் தொடக் கூடாது. யார் தொட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
தோணிரேவு.